புலித் தைலம் தந்த ஆவ் பூன் ஹாவ்: சிறு குப்பியின் பலமும் அதன் எல்லையும்

தலைவலி வந்தாலும் இடுப்புப் பிடித்தாலும் கொசு கடித்தாலும் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது ஒரு சிறிய அறுகோணக் கண்ணாடிக் குப்பிதான். அதன் முகப்பில் பாய்ந்து நிற்கும் புலியைத் தெரியாதவர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரிது. தோட்டத்து லயன் வீட்டிலிருந்து பட்டணத்து அடுக்குமாடி வரை அந்தக் குப்பியைக் கொண்டு சேர்த்தவர் ஆவ் பூன் ஹாவ். அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் அவருடைய தைலம் இன்றும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ரங்கூனில் ஒரு மருந்துக்கடை

பூன் ஹாவின் தந்தை ஆவ் சூ கின், சீனாவின் புஜியான் மாநிலத்தைச் சேர்ந்த ஹக்கா சமூகத்து நாட்டு வைத்தியர். பிழைப்புத் தேடிக் கப்பலேறிய அவர், பர்மாவின் ரங்கூன் நகரில் இங் அவுன் தோங் என்ற மருந்துக்கடையைத் திறந்தார். நிலைத்த அமைதியின் இல்லம் என்பது அப்பெயரின் பொருள். செட்டியார்களின் வட்டிக்கடைகளும் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே.

அங்குதான் 1882ஆம் ஆண்டு பூன் ஹாவ் பிறந்தார். அவர் பெயரில் உள்ள ஹாவ் என்ற சொல்லுக்குப் புலி என்று பொருள். தம்பி பூன் பாரின் பெயரில் உள்ள பார் என்பது சிறுத்தையைக் குறிக்கும். பூன் ஹாவைத் தந்தை சீனாவுக்கு அனுப்பிச் சீனக் கல்வி பயில வைத்தார். ரங்கூனிலேயே தங்கிய பூன் பார் ஆங்கிலம் படித்தார்.

1908இல் தந்தை காலமானார். கடையைத் தனியாகச் சுமக்க முடியாமல் தம்பி அண்ணனின் துணையை நாடினார். இருவரும் சேர்ந்து தொழிலை நடத்தினர். பூன் ஹாவ் சீனா, ஜப்பான், சியாம் ஆகிய நாடுகளுக்குச் சென்று மருந்துத் தொழிலைக் கவனித்துத் திரும்பினார். தந்தை விட்டுச் சென்ற மருந்து முறையை அடிப்படையாகக் கொண்டு சகோதரர்கள் ஒரு தைலத்தைச் செம்மைப்படுத்தினர். அதற்குப் பூன் ஹாவின் பெயரில் இருந்த புலியையே சூட்டினார்கள்.

சிங்கப்பூரில் உறுமிய புலி

நல்ல மருந்து செய்வது ஒரு திறமை. அதை ஊரறியச் செய்வது இன்னொரு திறமை. பூன் ஹாவ் இரண்டாவதில் பெரிய கெட்டிக்காரர். 1926இல் தொழிலின் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி, நீல் ரோட்டில் ஆலை அமைத்தார். முன்பக்கம் புலித்தலை பொருத்திய காரில் அவர் ஊர் ஊராகச் சென்றார். அதன் ஹாரன் ஓசையும் புலி உறுமுவது போலவே இருந்ததாம். கார் நின்ற இடத்தில் கூட்டம் கூடியது. கூட்டம் கூடிய இடத்தில் தைலம் விற்றது.

விளம்பரத்திற்கு நாளிதழின் பலம் என்ன என்பதை உணர்ந்து 1929இல் சின் சியூ ஜிட் போ என்ற சீன நாளிதழைத் தொடங்கினார். பின்னர் பினாங்கு, ஹாங்காங் முதலிய இடங்களிலும் அவருடைய பத்திரிகைகள் வெளிவந்தன. மலேசியாவில் இன்றும் வெளிவரும் சின் சியூ நாளிதழின் வேர் அவர் நட்டதுதான்.

1937இல் பாசிர் பாஞ்சாங்கில் தம்பிக்காக ஒரு மாளிகையையும் அதைச் சுற்றிச் சிலைகள் நிறைந்த பூங்காவையும் எழுப்பினார். அதுவே ஹாவ் பார் வில்லா. பாவம் செய்தவர் நரகத்தில் படும் தண்டனைகளைச் சிலைகளாக வடித்து வைத்த அந்தப் பூங்காவுக்குள் யாரும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். ஜொகூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்த எத்தனையோ குடும்பங்கள் அந்த நரகக் குகையைப் பார்த்து நடுங்கியிருக்கின்றன.

பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அவர் அள்ளிக் கொடுத்தார். 1938இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது அவருக்குக் கிடைத்தது.

போரும் இழப்பும்

ஜப்பானியர் ஆட்சி அவர் வாழ்விலும் புயலாக வீசியது. அப்போது அவர் ஹாங்காங்கில் இருந்தார். ஜப்பானியருக்கு இணங்கிப் போனார் என்ற குற்றச்சாட்டு பின்னாளில் அவரைத் துரத்தியது. தம்பி பூன் பார் சிங்கப்பூரை விட்டு ரங்கூன் சென்று, 1944இல் அங்கேயே காலமானார். பாசிர் பாஞ்சாங் மாளிகை சிதைந்து போனது. தம்பி இல்லாத வீடாகிவிட்ட அதைப் போருக்குப் பின் பூன் ஹாவ் இடித்துவிட்டார். பூங்காவை மட்டும் சீர்செய்தார்.

தொழிலை மீண்டும் நிமிர்த்திய அவர், 1950இல் சுங் கியாவ் வங்கியைத் தொடங்கினார். சில வெள்ளிகளைச் சேமிக்க நினைத்த எளியவர்களை அழைத்த வங்கி என்று அது பெயர் பெற்றது.

1954இல் உடல்நலம் குன்றியபோது, அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஹாங்காங் திரும்பும் வழியில், ஹவாயின் ஹொனலுலுவில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 72.

உலகுக்கே வலி நிவாரணி விற்றவர், உள்ளே நோய் வந்தபோது மருத்துவமனையைத்தான் நாடினார். தைலத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது. தைலத்துக்கென்று ஒரு வேலை உண்டு. அந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு.

தைலம் என்ன செய்கிறது?

புலித் தைலத்தில் கற்பூரம், மெந்தால், புதினா எண்ணெய், நம் ஊரில் காயு பூத்தே என்று அழைக்கப்படும் எண்ணெய், கிராம்பு எண்ணெய் ஆகியவை கலந்திருக்கின்றன. சிவப்புத் தைலத்தில் பட்டை எண்ணெயும் சேர்கிறது. அதனால் சூடு கூடுதலாகத் தெரியும். துணியில் பட்டால் கறையும் படியும். தசை வலிக்குச் சிவப்பு, தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் வெள்ளை என்பது பொதுவான வழக்கம்.

மெந்தால் தோலில் உள்ள குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. கற்பூரம் வெதுவெதுப்பைத் தருகிறது. இந்த உணர்வுகள் முந்திக்கொள்வதால் வலி சற்று மங்குகிறது. தேய்த்துவிடும் கையும் இறுகிய தசைக்கு இதம் தருகிறது. பகலெல்லாம் மரம் சீவியவருக்கும், செம்பனைக் குலை சுமந்தவருக்கும், தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்தவருக்கும் அந்த இதம் பெரிய வரம்தான். ஆனால் வலியின் காரணம் உள்ளே இருந்தால், அதைத் தைலம் குணப்படுத்தாது.

பாதுகாப்பாகப் பூசுவது எப்படி?

வலிக்கும் இடத்தில் பட்டாணி அளவு எடுத்து மெல்லத் தேய்த்தால் போதும். நாளுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம். புதிதாகப் பயன்படுத்துபவர் முதலில் கையில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ கொப்புளமோ வந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மீண்டும் பூசாமல் இருப்பதே நல்லது.

வெட்டுக்காயம், புண், தீக்காயம் ஆகியவற்றின் மீது பூசக்கூடாது. கண், வாய், மூக்குத் துவாரம் ஆகியவற்றிலும் படக்கூடாது. பூசிய இடத்தைத் துணியால் இறுகக் கட்டுவதும், அதன்மேல் சுடுநீர்ப் பை வைப்பதும் தோலைப் புண்ணாக்கிவிடும். சுடுநீரில் குளித்த உடனேயும் பூச வேண்டாம். தைலம் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்ப்பதும் குழந்தையைத் தூக்குவதும் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவ வேண்டும்.

நீரிழிவு நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கால் மரத்துப் போனவர்களுக்குத் தோல் எரிவதே தெரியாது. சில தைலங்களிலும் வலி நிவாரணக் களிம்புகளிலும் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் இருக்கும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் அத்தகைய தைலங்களை வாங்குமுன் மருந்தாளரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுப் பூசுவதே நலம்.

பிள்ளைகள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

நம் பெரியவர்கள் சிலர் சளி பிடித்த கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கருகிலும் தைலம் தடவுவதுண்டு. அன்பால் செய்தாலும் அது ஆபத்து. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்களைப் பூசக்கூடாது. மூச்சுத் திணறல் வரலாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம். ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர், அந்துருண்டையைப் போலவே கற்பூரத்தையும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

குப்பியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சாமி மேடைக் கற்பூரத்துக்கும் இதே விதிதான். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எப்போது தைலத்தைக் கீழே வைக்க வேண்டும்?

நெஞ்சு இறுக்கமும் இடது கை வலியும் வியர்வையும் சேர்ந்து வந்தால், வாயு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக்கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழைக்க வேண்டும். வலது அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி, திடீரென வரும் கடும் தலைவலி, கை கால் மரத்துப் போவது ஆகியவையும் தைலத்துக்குக் கட்டுப்படாதவை. காய்ச்சலோடு உடம்பெல்லாம் வலித்தால் அது டிங்கியாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையே வழி. சாதாரணத் தசை வலியும் ஒரு வாரத்தில் தணியாவிட்டால் கிளினிக்கிற்குப் போய்விடுவது நல்லது.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துகளின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கும். இரவுச் சந்தையில் பெயரும் எண்ணும் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் குப்பிகளை நம்பி வாங்க வேண்டாம்.

பூன் ஹாவ் கட்டிய மாளிகை இன்று இல்லை. அவர் தொடங்கிய வங்கியும் கைமாறிவிட்டது. ஆனால் ஏழையின் சட்டைப்பைக்கு அடங்கும் விலையில் அவர் தந்த சிறு குப்பி நிலைத்துவிட்டது. அளவறிந்து, இடமறிந்து பூசினால் அது நம் வீட்டுக்கு நல்ல துணை. எல்லா நோய்க்கும் அதையே நம்பி மருத்துவரைத் தள்ளிப்போட்டால், இழப்பு நமக்குத்தான்.