கார்மென் மிராண்டா

கார்மென் மிராண்டா (பெப்ரவரி 9, 1909 - ஆகஸ்டு 5, 1955) பிரேசிலின் புகழ்பெற்ற சம்பா பாடகியும் திரைப்பட நடிகையும் ஆவார். போர்த்துகலில் பிறந்த இவர், கைக்குழந்தையாக இருந்தபோதே ரியோ டி ஜெனீரோவில் வளரத் தொடங்கினார். எனினும் இறுதிவரை போர்த்துக்கேயக் குடியுரிமையையே வைத்திருந்தார். 1930இல் வெளியான இசைத்தட்டு ஒன்று இவரை நாடறியச் செய்தது.

1939இல் பனானா டா டெர்ரா என்னும் திரைப்படத்தில், பாஹியா மாநிலத்தின் கறுப்பினப் பெண் வணிகர்களது உடையைத் தழுவித் தலைப்பாகையும் மணிமாலைகளும் அணிந்து, டொரிவல் கையிமி இயற்றிய பாடலைப் பாடினார். அவ்வுடையே இவரது அடையாளமாயிற்று. அதே ஆண்டில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் தோன்றினார். பிரேசில் இசைக்கலைஞர்கள் இன்றித் தம் பாடல்கள் சிறக்கா எனக் கருதி, பாண்டோ டா லுவா குழுவினரையும் வற்புறுத்தி உடனழைத்துச் சென்றார்.

1940இல் தாயகம் திரும்பி உர்கா சூதாட்ட விடுதியில் பாடியபோது, மேட்டுக்குடியினர் நிறைந்த அவை இறுகிய முகத்துடன் இருந்தது. ஆங்கிலத்தில் வணக்கம் கூறியதும் அமெரிக்க மேடைப் பாடல்களைப் பாடியதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கராக மாறிவிட்டார் என்னும் பழிக்கு ஒரு சம்பா பாடலாலேயே விடையளித்துவிட்டு, அமெரிக்கா சென்றார். அதன்பின் 14 ஆண்டுகள் பிரேசிலுக்கு வரவில்லை.

1945இல் அமெரிக்காவிலேயே மிகுதியான ஊதியம் பெற்ற பெண்ணாக விளங்கினார். ஆயினும் ஹாலிவுட் இவருக்கு அளித்தவை பெரும்பாலும் பழக்கூடைத் தொப்பியும் கொச்சை ஆங்கிலமும் கொண்ட வேடிக்கைப் பாத்திரங்களே.

ஜிம்மி டுராண்டேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நடனமாடிய சில மணி நேரத்தில், மாரடைப்பால் பெவர்லி ஹில்சில் காலமானார். உடல் ரியோவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர்.