5 ஒலிம்பிக் தங்கம் வென்ற ‘டார்ஜான்’ ஜானி: 60 ஆண்டு வெளியே தெரியாத பிறந்த ஊர் ரகசியம்

டார்ஜான் படம் பார்த்தவர்கள் அந்த ஆளை மறந்திருக்க மாட்டார்கள். இடுப்பில் ஒரு துண்டுத் தோல். கொடியைப் பிடித்து மரத்துக்கு மரம் தாவல். காடே அதிருகிற மாதிரி ஒரு கத்தல். அவர்தான் ஜானி வெய்ஸ்முல்லர்.

சினிமாவுக்கு வருவதற்கு முன்பே அவர் உலகப் புகழ் பெற்ற நீச்சல் வீரர் என்பது பலருக்குத் தெரியாது. ஃப்ரீஸ்டைல் நீச்சலில் 100 மீட்டரை 1 நிமிடத்துக்குள் கடந்த உலகின் முதல் மனிதர் அவர். 2 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு 5 தங்கம் வாங்கிக் கொடுத்தவர்.

ஆனால் அந்த 5 தங்கத்துக்கும் அடியில் ஒரு பொய் இருந்தது. அவர் அமெரிக்காவில் பிறந்தவரே இல்லை. இந்த விஷயம் அம்பலமானபோது அதற்கு பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

கைக்குழந்தையாக கப்பலில்...

1904-ம் ஆண்டு ஜூன் 2-ந்தேதி. ஐரோப்பாவில் டிமிசோரா நகரை ஒட்டிய பிரைடார்ப் என்ற ஊரில் ஜானி பிறந்தார். அப்போது அந்த ஊர் ஹங்கேரி ராஜ்ஜியத்தில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்த பிறகு ருமேனியாவுக்குப் போய்விட்டது. ஜானியின் குடும்பமோ வீட்டில் ஜெர்மன் பேசுகிற குடும்பம். ஊர் சர்ச் பதிவேட்டில் குழந்தையின் பெயரை யானோஸ் என்று எழுதினார்கள். ஹங்கேரி மொழியில் ஜான் என்ற பெயர் அப்படித்தான்.

பிழைப்பு தேடி அந்தக் குடும்பம் 1905 ஜனவரியில் ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. அப்போது ஜானி 7 மாதக் குழந்தை. நியூயார்க்கில் இறங்கி, பென்சில்வேனியா மாநிலத்தில் விண்ட்பர் என்ற நிலக்கரி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவுக்கு சுரங்கத்தில் வேலை. அதே ஆண்டு செப்டம்பரில் தம்பி பீட்டர் பிறந்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் 15 மாதம்தான் வித்தியாசம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளில் குடும்பம் சிகாகோ நகருக்கு மாறியது. அங்கே மிச்சிகன் ஏரி. ஏரி என்றால் நம்ம ஊர் ஏரி மாதிரி நினைக்கக் கூடாது. கண்ணுக்கு எட்டுகிற வரை அக்கரை தெரியாத கடல் மாதிரி தண்ணீர். சின்ன வயதில் ஜானிக்கு போலியோ வந்ததாகவும், டாக்டர் சொல்லித்தான் நீச்சல் பழகியதாகவும் சொல்வார்கள். எது எப்படியோ, பையன் ஏரியே கதி என்று கிடந்தான்.

வீட்டில் நிம்மதி இல்லை. அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். ஜானி பள்ளிக்கூடத்தை பாதியில் விட்டான். ஓட்டலில் வருகிறவர்களுக்குப் பெட்டி தூக்கினான். லிப்ட் இயக்கும் பையனாக நின்றான். கிடைக்கிற நேரத்தில் நீச்சல்.

குண்டு மாஸ்டர்

சிகாகோவில் இல்லினாய்ஸ் அத்லெடிக் கிளப் என்று ஒரு பெரிய விளையாட்டு கிளப் இருந்தது. அங்கே நீச்சல் கோச் வில்லியம் பாக்ராக். ஆள் 150 கிலோவுக்கு குறையாத எடை. வாயில் எப்போதும் சுருட்டு. 1920-ல் நண்பர் ஒருவர் ஜானியை இவரிடம் கூட்டிப்போனார்.

பையன் ஸ்டைல் சரியில்லை, ஆனால் வேகம் இருக்கிறது என்பதை பாக்ராக் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். உடனே போட்டிக்கு அனுப்பவில்லை. மாதக்கணக்கில் கை வீச்சு, கால் உதை, மூச்சு என்று ஒவ்வொன்றாக அடிப்படையில் இருந்து மாற்றினார். வேகத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது என்று தடை போட்டார். உடம்பை தளர விடச் சொன்னார்.

அதில் வந்ததுதான் ஜானியின் தனி ஸ்டைல். மற்றவர்கள் தண்ணீருக்குள் புதைந்து போவார்கள். இவர் நெஞ்சைத் தூக்கி, தலையை மேலே வைத்து, தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவார். மோட்டார் படகு வேகம் எடுத்தால் முன்பக்கம் எழும்புமே, அந்த மாதிரி.

1921 ஆகஸ்டில் தேசிய போட்டியில் இறங்கினார். ஜெயித்தார். அதற்கு அடுத்த வருஷமே உலகமே திரும்பிப் பார்த்தது. 1922 ஜூலை 9-ந்தேதி கலிபோர்னியாவில் 100 மீட்டர் தூரத்தை 58.6 வினாடியில் முடித்தார். அதுவரை மனுஷனால் 1 நிமிடத்தை உடைக்க முடிந்ததில்லை. ஹவாய் தீவு ஜாம்பவான் டியூக் கஹானமோகுவின் சாதனை காலி. 1924 பிப்ரவரியில் அதையும் 57.4 ஆகக் குறைத்தார். இந்த சாதனையை அடுத்த 10 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை.

அண்ணனுக்குப் போன தம்பி பிறந்த ஊர்

1924-ல் பாரீஸ் ஒலிம்பிக் வந்தது. இங்கேதான் சிக்கல்.

அமெரிக்க அணியில் போக வேண்டும் என்றால் அமெரிக்கக் குடிமகன் என்று காட்ட வேண்டும். ஜானியோ வெளிநாட்டில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர். அவர் எங்கே பிறந்தவர் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. உண்மையைச் சொன்னால் பாரீஸ் கனவு அவ்வளவுதான். லிப்ட் பையனாக இருந்து மேலே வந்தவனுக்கு இதை விட்டால் வேறு வழியும் இல்லை.

தம்பி பீட்டர் விண்ட்பரில் பிறந்தவர். சட்டப்படி பிறப்பிலேயே அமெரிக்கர். ஒலிம்பிக் ஆவணத்தில் தம்பியின் பிறப்பு விவரம் அண்ணன் பெயருக்குப் போனது. விண்ட்பர் சர்ச் பதிவேட்டில் தம்பியின் பெயருக்கு இடையில் ஜான் என்ற பெயரும் சேர்ந்திருந்தது.

பாரீஸுக்கு கப்பல் கிளம்பியது. 20 வயது ஜானியும் அதில் இருந்தார்.

பொய் சொன்னது பொய்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் 7 மாதத்தில் வந்து, அந்த ஊர் தண்ணீரிலேயே வளர்ந்த பையனை அமெரிக்கன் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரே நாளில் 3 பதக்கம்

பாரீஸில் முதலில் 400 மீட்டர். சுவீடன் வீரர் ஆர்னே போர்க் கடைசி வரை விடவில்லை. ஆஸ்திரேலியாவின் 16 வயது சிறுவன் சார்ல்டனும் துரத்தினான். ஜானி 5 நிமிடம் 4.2 வினாடியில் தங்கம் வென்றார். போர்க் 1.4 வினாடி பின்னால்.

ஜூலை 20-ந்தேதி 100 மீட்டர் பைனல். எல்லோரும் காத்திருந்த போட்டி இதுதான். ஏற்கனவே 2 ஒலிம்பிக்கில் இதே போட்டியில் தங்கம் வென்ற டியூக் கஹானமோகு களத்தில். வயது 33 ஆகியிருந்தாலும் ஆள் சாதாரண ஆள் இல்லை. அவருடைய தம்பி சாமுவேலும் பைனலில். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தன்னை மடக்கப் பார்ப்பார்களோ என்று ஜானி பயந்ததாகவும், டியூக்கே வந்து தைரியம் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

ஜானி 59 வினாடியில் தொட்டார். டியூக் 2.4 வினாடி பின்தங்கி வெள்ளி. சாமுவேலுக்கு வெண்கலம். மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கே.

அதே நாளில் 4 பேர் நீந்தும் ரிலேயிலும் தங்கம். தண்ணீர் பந்து எனப்படும் வாட்டர் போலோவில் வெண்கலம். ஒரே நாளில் 3 பதக்கம்!

ஏரியில் கவிழ்ந்த படகு

1927 ஜூலை 28-ந்தேதி நடந்தது எந்த ஒலிம்பிக் பதக்கத்தை விடவும் பெரிது.

ஜானியும் தம்பி பீட்டரும் சிகாகோவில் ஏரியில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று சூறாவளி மாதிரி காற்று. கரையில் இருந்து சற்று தூரத்தில் பேவரிட் என்ற உல்லாசப் படகு கவிழ்ந்தது. உள்ளே பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

அண்ணனும் தம்பியும் அங்கே விரைந்தார்கள். தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி ஆட்களை இழுத்து வெளியே போட்டார்கள். இவர்கள் தூக்கியவர்களில் 11 பேர் பிழைத்தார்கள். அந்த விபத்தில் 27 பேர் இறந்தார்கள்.

ஆம்ஸ்டர்டாம் அதிசயம்

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். 100 மீட்டரில் 58.6 வினாடி, மறுபடியும் தங்கம். ரிலேயிலும் தங்கம். மொத்தம் 5 தங்கம், 1 வெண்கலம்.

அந்த 100 மீட்டரில் வெள்ளி வாங்கியவர் பாரனி. எந்த நாடு தெரியுமா? ஹங்கேரி! ஜானி பிறந்தபோது பிரைடார்ப் எந்த நாட்டில் இருந்ததோ அதே ஹங்கேரி. குடும்பம் அன்று கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் ஜானி எந்தக் கொடிக்காக நீந்தியிருப்பாரோ? 

அடுத்த ஆண்டே போட்டி நீச்சலை விட்டார். காரணம் காசு. அந்தக் காலத்தில் நீந்திப் பணம் வாங்கினாலே ஒலிம்பிக்கில் இடம் கிடையாது. 5 தங்கம் வென்றிருந்தாலும் அடுப்பு எரிய வேண்டுமே. பி.வி.டி. என்ற நீச்சல் உடை கம்பெனி வாரம் 500 டாலர் சம்பளத்துக்கு விளம்பர வேலை கொடுத்தது. போய்விட்டார். அப்போது வயது 25. அதிகாரப்பூர்வ ஃப்ரீஸ்டைல் போட்டி எதிலும் அவர் தோற்றதே இல்லை என்பார்கள். தேசிய பட்டம் மட்டும் 52.

பிறகுதான் சினிமா. 1932-ல் முதல் டார்ஜான் படம். 1948 வரை 12 படம். நடிப்பு பெரிதாக வராது, வசனமும் நாலு வார்த்தைதான். ஆனால் தண்ணீரில் குதித்துவிட்டால் தியேட்டரில் விசில்தான். அப்புறம் ஜங்கிள் ஜிம் படங்கள். 5 கல்யாணம். சம்பாதித்தது எதுவும் கையில் நிற்கவில்லை. வயதான காலத்தில் லாஸ் வேகாஸ் ஓட்டல் ஒன்றில் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்கும் வேலை பார்த்தார். லிப்ட் பையனாக ஓட்டலில் தொடங்கியவர் திரும்பவும் ஓட்டல் வாசலுக்கே வந்தார்.

1977-ல் பக்கவாதம் தாக்கியது. மெக்சிகோவில் அகபுல்கோ கடற்கரை ஊருக்குப் போனார். கடைசி டார்ஜான் படத்தின் படப்பிடிப்பு நடந்த ஊர் அது. 1984 ஜனவரி 20-ந்தேதி, 79 வயதில் அங்கேயே இறந்தார். சவப்பெட்டியை குழிக்குள் இறக்கியபோது டார்ஜான் கத்தலை டேப்பில் 3 முறை ஒலிக்க விட்டார்கள். அவரே கேட்டுக்கொண்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க விளையாட்டு பத்திரிகை ஒன்று பழைய சர்ச் பதிவேடுகளைத் தேடி எடுத்து, பிறந்த ஊர் ரகசியத்தை வெளியிட்டது. பிறகு அவர் மகனும் அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதை ஒப்புக்கொண்டார்.

பதக்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 5 தங்கமும் இன்றுவரை அமெரிக்கா கணக்கில், ஜானி வெய்ஸ்முல்லர் பெயரில்தான் இருக்கிறது. பிரைடார்ப் இப்போது ருமேனியாவின் டிமிசோரா நகரத்துக்குள் ஒரு பகுதி.