ஓய்வெடுக்கத் தயங்கிய உழைப்பாளி

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, பெரிய கல்விக்கூடத்தை உருவாக்கியவர் புக்கர் வாஷிங்டன். தம் இனத்தாரின் உடல்நலத்துக்குப் பாடுபட்ட அவர், தம் உடலைக் கவனிக்கத் தவறினார்.

உப்புச் சூளையில்

1856-ம் ஆண்டு, வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் அவர் பிறந்தார். தாய் அங்கே சமையற்காரி. 1865-ல் விடுதலை கிடைத்தது. ஆனால் வறுமை விடவில்லை. சிறுவன் புக்கர் விடியற்காலை 4 மணிக்கே உப்புச் சூளைக்குப் போனான். பிறகு நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தான்.

1872-ல் சுமார் 500 மைல் பயணம் செய்து ஹாம்ப்டன் பள்ளியை அடைந்தான். அங்கே ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார்கள். தூசி இல்லாமல் பெருக்கினான். அதுவே நுழைவுத் தேர்வாயிற்று!

கடிகாரம் அடகு

1881-ல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி பள்ளியை 30 மாணவர்களுடன் தொடங்கினார். கட்டிடத்துக்குச் செங்கல் வேண்டும். மூன்று முறை சூளை வைத்தும் வீணாயிற்று. கடிகாரத்தை அடகு வைத்தார். நான்காவது சூளை வெற்றி பெற்றது.

கறுப்பர்கள் சோம்பேறிகள் என்று வெள்ளையர் பலர் ஏசிய காலம் அது. ஓயாமல் உழைத்துக் காட்டுவதே அதற்குப் பதில் என்று அவர் எண்ணினார். களைப்பை வெளியே சொல்வது ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்பது அக்கால வழக்கம். இப்படி இரண்டு சுமைகள் அவர் தோளில் ஏறின.

கப்பலில் தூக்கம்

1899-ல் நண்பர்கள் பணம் திரட்டி, அவரை ஓய்வுக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிறர் உழைக்கும்போது தாம் உல்லாசமாகப் போவதா என்று கூசினார். கப்பல் ஏறிய சில நாளில் தூக்கம் வந்தது. நாள்தோறும் 15 மணி நேரம் தூங்கினார்! எவ்வளவு களைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்தது. ஆனாலும், ஊர் திரும்பியதும் பழைய ஓட்டம்தான்.

கடைசிப் பயணம்

1915-ல், கறுப்பின மக்களுக்காக நாடு முழுவதும் சுகாதார வாரம் கொண்டாடச் செய்தார். வீட்டைச் சுத்தமாக வையுங்கள், நோயைத் தடுங்கள் என்று ஊருக்குச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் நோய் முற்றிப் படுத்தார். இனிப் பிழைப்பது அரிது என்று டாக்டர்கள் கைவிரித்தனர். ரயிலில் டஸ்கீகி திரும்பிய சில மணி நேரத்தில், நவம்பர் 14-ந் தேதி காலமானார். வயது 59.

அவருடைய மருத்துவக் குறிப்புகளை 2006-ல் டாக்டர்கள் ஆராய்ந்தனர். கடுமையான ரத்தக் கொதிப்பே உயிரைக் குடித்தது என்று தெரிவித்தனர். அக்காலத்தில் அதற்குச் சரியான மருந்து இல்லை. இன்று இருக்கிறது.

உழைப்பு உயர்வு தரும். ஆனால் உடம்பு சோர்ந்தால் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்க வேண்டும். அதில் ஆண்மைக்கு ஓர் இழுக்கும் இல்லை.