மாணவியருக்காக இலக்கணம் எழுதிய லின்ட்லி மரே

ஆங்கிலப் பாடத்தில் எம்மை அதிகம் தடுமாற வைப்பவை வினைச்சொற்களே. 'வோக்' என்பது இறந்த காலத்தில் 'வோக்ட்' ஆகிறது. 'ரைட்' என்பதோ 'ரோட்' ஆகி, பின் 'ரிட்டன்' ஆகிறது. இவற்றை மனனம் செய்யும் எம்மில் பலர், இவ்விதிகளைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென ஒழுங்குபடுத்தித் தந்த லின்ட்லி மரேயை அறிந்ததில்லை. ஒரு காலத்தில் ஆங்கில இலக்கணத்தின் தந்தை என்றே அவர் போற்றப்பட்டார்.

மரே 1745ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தந்தை ஒரு வணிகர், மிகவும் கண்டிப்பானவர். ஒருமுறை தந்தை தண்டித்ததால் மனம் நொந்த சிறுவன் வீட்டை விட்டு ஓடினான். ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் நியூ ஜேர்சியிலிருந்த ஒரு விடுதிப் பாடசாலை! கல்வி மீது அவ்வளவு ஆசை. பின்னர் நியூயோர்க்கில் சட்டத்தரணியானார். 1767இல் ஹன்னா டொப்சன் என்பவரை மணந்தார். வணிகத்திலும் பெரும் பொருள் ஈட்டினார்.

ஆனால், நாற்பது வயதை எட்டுமுன்பே தசைகள் பலவீனமடையும் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. சுகம் தேடி 1784இல் மனைவியுடன் இங்கிலாந்து சென்று, யோர்க் நகரையடுத்த ஹோல்கேட்டில் குடியேறினார். நோய் தீரவில்லை. நடக்கும் சக்தி மெல்ல மெல்லக் குறைந்தது. பெரும்பாலான பொழுதை ஆசனத்தில் அமர்ந்தபடியே கழித்தார்.

அக்காலத்தில் யோர்க் நகரில் குவேக்கர்கள் பெண் பிள்ளைகளுக்கெனப் பாடசாலையொன்றை நடத்தி வந்தனர். அங்கு கற்பித்த இளம் ஆசிரியைகளுக்கு இலக்கண அறிவு போதவில்லை. அதனை மறைக்காமல் அவர்கள் மரேயிடம் வந்து பாடம் கேட்டார்கள். மாணவியருக்கு ஏற்ற நூலொன்றை எழுதித் தருமாறும் வேண்டினார்கள். அவ்வாறு பிறந்ததே 1795இல் வெளியான 'ஆங்கில இலக்கணம்'. முன்னையோர் நூல்களிலிருந்து தொகுத்தே அதனை அமைத்ததாக அவர் பணிவுடன் ஏற்றுக்கொண்டார். மனனம் செய்ய வேண்டிய விதிகளைப் பெரிய எழுத்திலும் விளக்கங்களைச் சிறிய எழுத்திலும் அச்சிடச் செய்தார்.

வினையிலிருந்து பெயர் பிறக்கும் விதத்தையும் அந்நூல் விளக்குகிறது. 'விசிட்' என்ற வினையிலிருந்து 'விசிட்டர்' என்ற பெயர் பிறக்கிறது. 'லவ்' என்பதிலிருந்து 'லவர்' பிறக்கிறது. வேறு சில சொற்கள் உருவம் மாறாமலே வினையாகவும் பெயராகவும் வரும். தமிழில் 'அடி' என்பது முதனிலைத் தொழிற்பெயராக வருவது போன்றதே இது. இத்தகைய சொற்களில் வினை முந்தியதா, பெயர் முந்தியதா எனத் தீர்மானிப்பது கடினம் என்கிறார் மரே. அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் 'ஸ்லீப்' உண்டு, 'வோக்' என்பதும் உண்டு. நடக்க இயலாத ஒருவர் அமர்ந்தபடியே எழுதிய வரி அது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பயிற்சி நூல், வாசிப்பு நூல் எனத் தொடர்ந்து எழுதினார். அவரது நூல்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் மில்லியன் கணக்கில் விற்பனையாகின. கிடைத்த பணத்தைத் தான தர்மங்களுக்கே செலவிட்டார். அடிமைகளின் விடுதலைக்கும் கல்விக்கும் உதவும்படி தம் மரண சாசனத்திலும் எழுதி வைத்தார். 1826இல், தமது எண்பதாவது வயதில் ஹோல்கேட்டிலேயே காலமானார்.

தெரியாததைக் கேட்க வகுப்பில் கையுயர்த்தத் தயங்கும் மாணவிகளுள் நானும் ஒருத்தி. யோர்க் நகரின் அந்த ஆசிரியைகளும் அவ்வாறே தயங்கியிருந்தால், பல தலைமுறைகள் பயின்ற அந்த நூல் பிறந்திருக்குமா? சகோதரிகளே, கேட்போம், கற்போம்.