ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட ஹெர்ன்

அயல்நாடு செல்வோர் பல திறத்தினர். பொருளீட்டச் செல்வோர் சிலர். புதுமை காணச் செல்வோர் சிலர். அவருட் பெரும்பாலோர் உயர்ந்த மாளிகைகளையும் அகன்ற வீதிகளையும் கண்டு மீள்வர். ஆனால், ஒரு நாட்டின் உயிர் அவற்றில் மட்டும் இல்லை. விடியற்காலையில் தெருவில் எழும் ஓசையிலும், எளியோர் வீட்டு முற்றத்திலும், பாட்டி பேரனுக்குக் கூறும் கதையிலும் அது மறைந்து நிற்கிறது. அதனைக் காண்பதற்குக் கண்ணொளி மட்டும் போதாது. அன்பும் பொறுமையும் வேண்டும். இடக்கண் பார்வையை இழந்து, வலக்கண்ணும் மங்கிய நிலையில் ஜப்பானை அடைந்து, அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வை உலகம் அறியுமாறு எழுதியவர் ஒருவர் உண்டு. அவரே லாப்காடியோ ஹெர்ன்.

ஹெர்ன் 1850 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள் கிரேக்கத் தீவுகளுள் ஒன்றாகிய லெவ்காடாவில் பிறந்தார். அத்தீவின் பெயரே அவருக்குப் பெயராக அமைந்தது. தந்தையார் ஆங்கிலேயப் படையில் மருத்துவராகப் பணிபுரிந்த அயர்லாந்துக்காரர். தாயார் ரோசா கிரேக்கப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயதானபோது தாயும் மகனும் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினுக்குச் சென்றனர். அங்குள்ள குளிரும் தனிமையும் தாயாருக்கு ஒவ்வவில்லை. மகனுக்கு நான்கு வயதாகும்போது அவர் கிரேக்க நாட்டுக்குத் திரும்பினார். அதன்பின் ஹெர்ன் தம் அன்னையின் முகத்தைக் கண்டாரல்லர். தந்தையார் மறுமணம் புரிந்துகொண்டு இந்தியாவுக்குப் பணிமேற் சென்றார். முதிய உறவினர் ஒருவரே சிறுவரை வளர்த்தார்.

துன்பம் அவரை மேலும் தொடர்ந்தது. இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்தபோது, பதினாறாம் வயதில், விளையாட்டின்போது அடிபட்டு இடக்கண் பார்வையை இழந்தார். எஞ்சிய கண்ணும் இடையறாத படிப்பினால் நலிந்தது. தம் முகத்தைப் பிறர் வெறுப்பரோ என்னும் கூச்சம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. படம் எடுக்கும்போதெல்லாம் முகத்தின் இடப்பக்கம் தோன்றாதவாறு திரும்பிக்கொள்வார். வளர்த்தவரின் செல்வமும் அழிந்தது. 1869 ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், கையில் பொருளின்றி அமெரிக்காவிலுள்ள சின்சினாட்டி நகரை அடைந்தார். அச்சுக்கூடம் நடத்திய ஹென்றி வாட்கின் என்பவர் அவருக்குத் தங்க இடமளித்துத் தொழிலும் கற்பித்தார். பின்னர் ஹெர்ன் செய்தித்தாள்களில் எழுதிப் புகழ் பெற்றார். எனினும், கறுப்பினப் பெண்ணொருத்தியை மணந்ததற்காக வேலையை இழக்க நேர்ந்தது, அம்மணவாழ்வும் நிலைக்கவில்லை. அதன்பின் நியூ ஆர்லியன்சு நகரில் பத்தாண்டும், மார்ட்டினிக் தீவில் ஏறத்தாழ ஈராண்டும் வாழ்ந்தார். எங்குச் சென்றாலும் ஏழை மக்களின் பாட்டையும் கதையையும் உணவையும் குறித்து எழுதினார். ஆயினும் தமக்கென ஓர் இல்லம் அவருக்கு வாய்க்கவில்லை.

1890 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஹெர்ன் ஜப்பானின் யோகோகாமாத் துறைமுகத்தில் இறங்கினார். பத்திரிகை ஒன்றிற்குக் கட்டுரைகள் எழுதவே அவர் வந்தார். விரைவில் அத்தொடர்பை முறித்துக்கொண்டு, மாட்சுவே என்னும் ஊரில் ஆங்கில ஆசிரியரானார். அது ஷின்ஜி ஏரிக்கரையில் அமைந்த பழைமையான ஊர். அக்காலத்தில் ஜப்பான் மேலை நாடுகளைப் பின்பற்றி விரைந்து மாறிக்கொண்டிருந்தது. இருப்புப்பாதையும் தொழிற்சாலையும் பெருகின. பழைய கதைகளும் வழக்கங்களும் நாகரிகமற்றவை என ஒதுக்கப்பட்டன. மாட்சுவேயிலோ பழைய வாழ்வு இன்னும் உயிரோடு இருந்தது. ஊரார் அவரை அன்புடன் 'ஹெருன் சான்' என அழைத்தனர். 'சான்' என்பது மதிப்புக் குறித்து அந்நாட்டார் பெயருடன் சேர்க்கும் சொல்லாகும்.

அவ்வூரின் காலைப்பொழுதை அவர் கண்ணாற் காண்பதற்கு முன்னரே செவியாற் கண்டார் எனலாம். முதலில் அரிசி குற்றும் கனத்த உலக்கையின் ஓசை எழும்; அது நிலத்தின் நாடித்துடிப்புப் போல அவருக்குத் தோன்றியது. அடுத்துக் கோயில் மணியோசை கேட்கும். பின்னர் முள்ளங்கி விற்போரும், அடுப்பு மூட்டச் சுள்ளி விற்போரும் கூவிச் செல்வர். ஆற்றங்கரையில் முகங்கழுவிய மக்கள் எழுஞாயிற்றை நோக்கிக் கைதட்டி வணங்குவர். முடிவில், மரப்பாலத்தின்மீது நூற்றுக்கணக்கான மரமிதியடிகள் எழுப்பும் ஒலி பெரியதோர் இசைபோல எங்கும் நிறையும். அவ்வூரார்க்கு இவை நாள்தோறும் கேட்டுப் பழகிய ஓசைகள். ஆதலால் இவற்றை எழுதி வைக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. அயலாராகிய ஹெர்னே எழுதி வைத்தார்.

அவர் வெறும் பார்வையாளராக நில்லாமல், அவ்வூராருள் ஒருவராக வாழ முயன்றார். வீட்டில் ஜப்பானிய உடை உடுத்தார், பாய்மீது அமர்ந்தார். தம்முடன் பணியாற்றிய நிஷிடா சென்டாரோ என்னும் ஆசிரியரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். முதல் குளிர்காலத்தில் ஹெர்ன் நோயுற்றார். 1891 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வீட்டுப்பணிகளைக் கவனிக்கக் கொய்சுமி செட்சு என்னும் பெண்மணி வந்தார். போர்வீரர் குலத்திற் பிறந்து, குடும்பம் வறுமையுற்றதால் இளமை முதல் நெசவு செய்து உழைத்தவர் அவர். அவரே பின்னர் ஹெர்னின் வாழ்க்கைத் துணைவியானார்.

அவ்வாண்டில் அவர்கள் போர்வீரர் ஒருவரது பழைய வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். அதன் தோட்டத்தில் தாமரைக்குளம் ஒன்றிருந்தது. தவளையும் சிள்வண்டும் பட்டாம்பூச்சியும் அங்கு நிறைந்திருந்தன. தோட்டத்துப் பாம்பு தவளைகளைத் தின்னாதிருத்தற்பொருட்டுத் தம் உணவிலிருந்தே ஹெர்ன் அதற்கு ஒரு பங்கு அளிப்பார். ஒருநாள் சிறுவர் சிலர் பூனைக்குட்டி ஒன்றை நீரில் அமிழ்த்தி வருத்தினர். செட்சு அதனை மீட்டுக் கொணர்ந்தார். நனைந்து நடுங்கிய அக்குட்டியை ஹெர்ன் வாங்கித் தம் மார்போடு அணைத்து வெப்பமூட்டினார். எறும்பு, கொசு போன்ற சிற்றுயிர்களைப் பற்றியும், கூண்டில் வைத்து இன்னொலி கேட்பதற்காக ஜப்பானியர் வளர்க்கும் பூச்சிகளைப் பற்றியும் அவர் அரிய கட்டுரைகள் வரைந்துள்ளார்.

1891 ஆம் ஆண்டு நவம்பரில் அவர் குமமோட்டோ நகரக் கல்லூரிக்கு மாறினார். படைவீடு அமைந்த அப்புதிய நகரம் அவர் மனத்தைக் கவரவில்லை. அங்குதான் 1893 இல் முதல் மகன் கசுவோ பிறந்தான். மகப்பேறு மகிழ்ச்சியோடு பெருங்கவலை ஒன்றையும் தந்தது. அக்காலச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்தால் செட்சு ஆங்கிலக் குடியுரிமைக்கு உள்ளாகித் தம் நாட்டுரிமையை இழப்பார். பதிவு செய்யாவிடின், ஹெர்ன் இறந்தபின் மனைவி மக்களுக்கு அவர் பொருளில் உரிமை இராது. ஹெர்ன் தாமே ஜப்பானியர் ஆவதென்று துணிந்தார். அயல்நாட்டு ஆசிரியர்க்குரிய உயர்ந்த ஊதியம் அதனால் குறையுமோ என்னும் அச்சம் இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. தந்தையின் துணையின்றி வளர்ந்த அவருக்குத் தம் மகனும் அவ்வாறு ஆதல் பொறுக்குமா? 1896 ஆம் ஆண்டு மனைவியின் குடும்பத்திற் சேர்ந்து, கொய்சுமி யாக்குமோ என்னும் பெயர் பூண்டார். கொய்சுமி என்பது மனைவியின் குடிப்பெயர். யாக்குமோ என்பது எட்டு முகில்கள் எனப் பொருள்படும். மாட்சுவே அமைந்த பகுதியைச் சிறப்பிக்கும் பழஞ்சொல் அது.

அவ்வாண்டிலேயே டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய ஆசிரியரானார். குறிப்பேதுமின்றி, மாணவர் எழுதிக்கொள்ளுமாறு மெல்லச் சொல்லிச் செல்வார். அவர் மறைந்தபின் அம்மாணவர்களின் ஏடுகளிலிருந்தே அவருடைய சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்தன. 1903 இல் அவர் அப்பணியினின்று விலக நேர்ந்தபோது மாணவர்கள் வருந்தி எதிர்த்தனர்.

அவருடைய நூல்கள் உருவான முறை வியப்புக்குரியது. கணவருக்கு ஜப்பானிய மொழி முழுதும் வாராது. மனைவிக்கு ஆங்கிலம் வாராது. ஆகவே இருவரும் இலக்கணக் கட்டு நீங்கிய எளிய ஜப்பானிய மொழி ஒன்றைத் தமக்குள் அமைத்துக்கொண்டனர். செட்சு பழைய நூற்கடைகளில் கதை நூல்களைத் தேடிக் கொணர்வார். இரவில் விளக்கைத் தணித்துவிட்டுக் கதை சொல்வார். நூலைப் பார்த்துப் படிக்கலாகாது, தாமே உணர்ந்து தம் சொல்லாற் கூற வேண்டும் என்று கணவர் கேட்டுக்கொள்வார். பார்வையற்ற இசைவாணன் ஹோய்ச்சியின் கதையும், பனிப்பெண்ணின் கதையும் அடங்கிய 'குவாய்டான்' என்னும் நூல் 1904 இல் வெளிவந்தது. மறைந்துபோக இருந்த கதைகள் அதனால் உலகெங்கும் பரவின. பிற்காலத்தில் ஜப்பானிய மொழியிலேயே பெயர்க்கப்பட்டு அந்நாட்டுச் சிறுவரையும் அடைந்தன.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபின், 'சுனாமி' என்பது தமிழரில் எவரும் அறிந்த சொல்லாயிற்று. துறைமுக அலை எனப் பொருள்படும் அந்த ஜப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் முதன்முதல் எடுத்தாண்ட சிலருள் ஹெர்னும் ஒருவர். 1897 இல் அவர் வெளியிட்ட நூலொன்றில் முதியவர் ஒருவரின் கதை வருகிறது. குன்றின்மீது வாழும் அவர், நிலம் நடுங்கியபின் கடல் பின்வாங்குவதைக் காண்கிறார். வரவிருக்கும் கேட்டினை உணர்கிறார். கீழேயுள்ள ஊராரைக் கூவியழைக்க நேரமில்லை. தம் விளைச்சல் முழுவதுமாகிய நெற்போர்களுக்குத் தாமே தீயிடுகிறார். தீயணைக்க ஓடிவந்த மக்கள் குன்றேறியதால் உயிர் பிழைக்கின்றனர். ஹமகுச்சி கோரியோ என்பவர் 1854 இல் வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டு, அலைக்குத் தப்பியோடிய மக்களுக்கு இருளில் வழிகாட்டிய உண்மை நிகழ்ச்சியே இக்கதைக்கு அடிப்படை. அந்நிகழ்ச்சியின் பழைய நாட்கணக்கைத் தழுவி, நவம்பர் 5 ஆம் நாளை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2015 இல் அறிவித்தது.

1904 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள், ஐம்பத்து நான்காம் வயதில், ஹெர்ன் மாரடைப்பால் காலமானார். மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்மகவும் அவருக்கு இருந்தனர். பழைய ஜப்பானை அளவிறந்து போற்றினார் என்று அவரைக் குறைகூறுவோரும் உண்டு. ஆயினும் அவர் வாழ்ந்த மாட்சுவே வீட்டை மக்கள் இன்றும் பேணி வருகின்றனர். அதனருகே அமைந்த நினைவகத்தில், நூலுக்கு அருகே கண் செல்லுமாறு அவர் செய்வித்துக்கொண்ட உயரமான எழுதுமேசை உள்ளது.

ஒரு கண்ணின் மங்கிய ஒளியால் ஹெர்ன் கண்டவற்றை, இரு கண்ணும் நன்குடைய பலர் காணவில்லை. நம் ஊரின் விடியற்காலை ஓசைகளையும், நம் வீட்டு முதியோர் கூறும் கதைகளையும் நாம் செவிசாய்த்துக் கேட்கின்றோமா? கேட்டு எழுதி வைப்போமாயின், அதுவே அவர் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடமாகும்.