செங்கல்லில் அறம் கண்ட லாரி பேக்கர்

பாறசாலையில் ரயிலேறித் தம்பானூரில் இறங்குவோர், நிலையத்தின் அருகே செங்கல்லால் சுருண்டெழும் காப்பிக் கடையைக் காணாதிருக்க இயலாது. கல்லூரியில் சேர வந்த அன்று என் தந்தையாரும் நானும் அங்கே காப்பி அருந்தினோம். சரிந்தேறும் தரை, சுவரெங்கும் துளைகள், பூச்சு என்பதே இல்லை. பணம் போதாமல் பாதியில் விட்டுவிட்டார்களோ என்று தந்தையார் இரங்கினார். எனக்கும் அப்படியே தோன்றியது. அதைக் கட்டியவரின் வரலாற்றைப் பின்னர்தான் அறிந்தேன்.

லாரி பேக்கர் 1917 மார்ச் 2இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை பயின்று 1937இல் தேர்ந்தார். குவேக்கர் நெறியைத் தழுவிய அவர், போர் மூண்டபோது படைக்கலம் ஏந்தாமல் மருத்துவத் தொண்டராகச் சீனம் சென்றார். தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில், காந்தியடிகளைக் கண்டார். துணித் துண்டுகளால் ஆன அவருடைய காலணி அடிகளின் கருத்தைக் கவர்ந்தது. வீடு கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளாலேயே வீடு அமைய வேண்டும் என்ற அடிகளின் கருத்து, பேக்கரின் வாழ்வையே திருப்பிவிட்டது.

1945இல் தொழுநோயாளர் பணிக்காக அவர் மீண்டும் இந்தியா வந்தார். 1948இல் கேரள மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்தார். இருவரும் இமயத்தின் பித்தோராகரில் பல ஆண்டுகள் தொண்டாற்றினர். கல்லும் மண்ணும் கொண்டு அம்மலைவாசிகள் கட்டிய வீடுகளே அவருக்கு இரண்டாம் கல்லூரி ஆயின. 1963இல் வாகமண் வந்து, பின் திருவனந்தபுரத்தில் நிலைத்தார். நாலாஞ்சிறையின் பாறைச் சரிவில், பிறர் கழித்த கதவுகளையும் சன்னல்களையும் சேர்த்துத் தம் இல்லத்தை எழுப்பினார்.

அவர் முறைகளில் மந்திரம் ஏதுமில்லை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது எலிப்பொறிக் கட்டு. செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெயிலின் வெம்மையைத் தடுக்கும். மேல்தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை. ஆகவே அங்கே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். சன்னலுக்குப் பதிலாகத் துளைச் சுவர். ஒளியும் காற்றும் உள்ளே வரும், சட்டச் செலவும் இல்லை. உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் இம்முறைகளுக்கு இன்றும் சான்றாக நிற்கிறது. 1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து, எளிய வீடுகளுக்கான காஸ்ட்ஃபோர்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

குறையும் சொல்ல வேண்டும். பூசாத சுவருக்கு நல்ல செங்கல்லும் தேர்ந்த கொத்தனாரும் வேண்டும். கை பிசகினால் மறைக்க வழியில்லை. அதனால்தான் பேக்கர் மேசையை விட்டெழுந்து, நாள்தோறும் வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார்களோடு நின்றார்.

இந்தியக் குடிமகனானார்; 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2007 ஏப்ரல் 1இல், தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

எங்கள் வீட்டுச் சுவரும் ஓராண்டு பூசாமல் நின்றது. ஊரார் பார்வைக்கு அஞ்சித் தந்தையார் அம்மாவின் வளையல்களை அடகு வைத்துப் பூசினார். அவை இன்னும் மீளவில்லை. அந்த அச்சத்தைத்தான் பேக்கர் தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்தார் என்று இப்போது உணர்கிறேன். சென்ற விடுமுறையில் தந்தையாரை மீண்டும் அக்காப்பிக் கடைக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை அவர் இரங்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்து, கல் எத்தனை செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டார். அடுத்த கோடையில் புதிய அடுக்களை கட்டப்போகிறோம். அதற்குப் பூச்சு இராது.