நோய்ப்படுக்கையில் 37 வருஷம்: அர்ச். லித்வினம்மாள்



ஏப்ரல் 14-ந் தேதி, தமிழ்ப் புத்தாண்டு பிறக்கும் நாளிலேயே அர்ச். லித்வினம்மாள் திருநாளும் வருகிறது. அன்றைய சந்தடியில் இவளை நினைப்பவர்கள் சொற்பம். ஆனால் வீட்டிலே நாள்பட்ட நோயாளியை வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் இவளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹாலந்து தேசத்தில் ஸ்கீடாம் என்பது ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே 1380-ம் வருஷம் குருத்தோலை ஞாயிறன்று இவள் பிறந்தாள். தகப்பன் பீட்டர் இரவில் ஊர்க்காவல் பார்த்துப் பிழைத்தவர். தாய் பெயர் பெத்ரொனில்லா. எட்டு ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண். கையில் காசில்லாத, வாயெல்லாம் ஜெபமான குடும்பம். எண்ணூரிலே பிறந்திருந்தால் நம்மில் ஒருத்தியாய் இருந்திருப்பாள்.

அந்த ஊரில் குளிர்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் பாறைபோல் உறைந்துவிடும். நமக்குப் பனிக்கட்டி என்றால் காசிமேட்டில் மீன் பெட்டிக்குள் போடுகிற ஐஸ்தான். அங்கே பிள்ளைகள் காலில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஓடி விளையாடுவார்கள். 1395-ம் வருஷக் கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில், 15 வயதுப் பெண்ணாயிருந்த லித்வினாளைத் தோழிகள் விளையாட அழைத்தார்கள். அப்போதுதான் ஒரு சுகவீனத்திலிருந்து தேறியிருந்தாள். வேகமாய் வந்த ஒருத்தி மோத, கீழே விழுந்து விலா எலும்பு முறிந்தது. எலும்பு முறிந்தால் சில மாதத்தில் கூடிவிடும். இவளோ அதற்குப் பிறகு முழுச் சுகம் காணவேயில்லை.

முதலில் சுவரையும் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு அதுவும் கூடவில்லை. கால்கள் இரண்டும் செயலற்றன. வலது கையும் போயிற்று. தலையையும் இடது கையையும் மட்டும் அசைக்க முடிந்தது. ஒரு கண்ணில் பார்வை அவிந்தது. மற்றக் கண்ணுக்கு வெளிச்சமே ஆகாது. விளக்கின் ஒளி பட்டாலும் வேதனை. பிரபுவின் அரண்மனை வைத்தியர் வந்து பார்த்து, இது மருந்துக்கு அடங்காத வியாதி என்று கைவிட்டார்.

இவள் பிறவியிலேயே பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்ப வருஷங்களில் வெளியே தோழிகளின் சிரிப்புச் சத்தம் கேட்டால் தேம்பி அழுவாள். ஜெபத்தில் ஆறுதல் இல்லை. யான் பொட் என்ற குருவானவர்தான் அடிக்கடி வந்து, சேசுநாதர் சுவாமியின் பாடுகளைச் சிறிது சிறிதாய்த் தியானிக்கக் கற்றுக்கொடுத்தார். அதுவும் ஒரே நாளில் பிடிபடவில்லை. காலம் செல்லச்செல்ல அவள் வீடு துன்பப்பட்டவர்கள் தேடி வரும் இடமாயிற்று. தனக்குக் கிடைத்த தர்மத்தை ஏழைகளுக்குப் பங்கிட்டாள். அவள் ஏறக்குறைய ஆகாரமின்றியே வாழ்ந்ததற்கு 1421-ல் பட்டணத்து அதிகாரிகளே சாட்சிப் பத்திரம் எழுதினார்கள்.

இதை நம்பாதவர்களும் இருந்தார்கள். அவளுடைய சொந்தப் பங்குச் சுவாமியாரே சந்தேகப்பட்டு அவளை நோகச் செய்தார். பங்குக் குருவாகிய நான் இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாயிருக்கிறது. நோயாளி நடிக்கிறான், சோம்பேறி என்று சொல்லுகிற பழக்கம் 600 வருஷமாகியும் போகவில்லை.

1433 ஏப்ரல் 14-ந் தேதி, பாஸ்கு வாரத்துச் செவ்வாய்க்கிழமை, மரித்தாள். கிறிஸ்துநாதர் அநுசாரம் நூலுடைய தோமாஸ் அகெம்பிஸ் இவள் சரித்திரத்தையும் எழுதி வைத்தார். 1890-ல் 13-ம் சிங்கராயர் பாப்பானவர் இவளுடைய வணக்கத்தை அங்கீகரித்தார்.

அவளுக்கு வந்தது என்ன வியாதி? 1979-ல் ஒரு மருத்துவ ஏட்டில், இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆயிருக்கக்கூடும் என்று எழுதினார்கள். எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம் நரம்புகளுக்கு, மின்சாரக் கம்பிக்கு இருப்பதுபோல, ஒரு மேலுறை உண்டு. இந்நோயில் உடம்பின் காவல் சக்தியே வழி தவறி அந்த உறையைத் தின்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகள் உண்டாகின்றன. 1868-ல் பிரான்சு தேசத்து வைத்தியர் ஷார்க்கோ இதைத் தனி வியாதியாக விளக்கிக் காட்டினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது; பெண்களுக்கே அதிகம். தொற்றுநோய் அல்ல. வட ஐரோப்பாவைவிட நம் நாட்டில் குறைவு, ஆனாலும் உண்டு.

அநேகருக்குக் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒரு கண் மங்கும், கண்ணை உருட்டினால் வலிக்கும், சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். சில வாரத்தில் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடுவதால் ஜனங்கள் அதை மறந்துவிடுகிறார்கள். கண் பட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். 1819-ல் ஏற்பட்ட எழும்பூர் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்தில் ஸ்டான்லியும் இருக்கிறது.

லித்வினம்மாளுக்கு அங்கீகாரம் கிடைத்த அதே 1890-ல், ஊட்ஹோப் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர் ஒரு விசேஷத்தைக் குறித்து வைத்தார். இந்நோயுள்ள சிலர் வேகமாய் நடந்தால் பார்வை மங்குகிறது, இளைப்பாறினால் தெளிகிறது. உடம்பு சூடேறுவதே காரணம் என்று பின்னால் தெரிந்தது. வெந்நீர்க் குளியலும் அப்படியே செய்யும். உறை கெட்ட நரம்பு சூட்டிலே செய்தியைச் சரியாய்க் கடத்தாது, குளிர்ந்தால் கடத்தும். அதனால் நரம்புக்குப் புதுச் சேதம் கிடையாது. இதற்குப் பயந்து வெகுகாலம் வைத்தியர்கள் நோயாளிகளை அசையாமலிருக்கச் சொன்னார்கள். இப்போது அப்படியல்ல. அளவான நடையும் கைகால் பயிற்சியும் களைப்பைக் குறைத்துப் பலம் தருகின்றன என்று கண்டு, வைத்தியர்களே அதைச் செய்யச் சொல்லுகிறார்கள். நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகளும் இக்காலத்தில் உண்டு.

காத்திவாக்கத்து வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்நோயுள்ளவர்கள் விடியற்காலத்தில் கடற்காற்று வீசும்போது நடக்கட்டும். நிழலும் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் ஈரத் துண்டும் வேண்டும். பார்வை மங்கினால் உட்கார வேண்டும். தடுமாற்றம் உள்ளவர் தனியே போகக்கூடாது. வீட்டுப் பிள்ளைகள் யாராவது கையைப் பிடித்துக் கூடப் போகட்டும். எவ்வளவு தூரம், என்ன பயிற்சி என்பதை அவரவர் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 14 காலைப் பூசைக்குப் பின், கோவிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீடு வீடாய் நற்கருணை கொண்டுபோவேன். பெயர்களை உபதேசியாரிடம் முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். மாடி வீடானால் அதையும் சொல்லுங்கள், ஏறி வருகிறேன்.